தட்டில் ஒரு குழி

ஜனவரி 2

இந்த நாட்குறிப்பு இலவசமாக வந்தது. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுக் கடை ஒன்றின் விளம்பரம். அட்டையில் லட்சுமி, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பொன்மொழி. காலையில் உட்கார்ந்து பொன்மொழிகளை எல்லாம் மை வைத்து அடித்துவிட்டேன். இனிமேல் இதில் எழுதலாம்.

எடை அளவு ஆய்வாளராக இருந்தபோது தினமும் குறிப்பு எழுதிப் பழகிய கை, ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அப்போது தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டி வைக்கிற கடைக்காரர்களைப் பற்றி எழுதினேன். இப்போது எங்கள் நாணயச் சேகரிப்புச் சங்கத்து அறிவாளிகளைப் பற்றி எழுதுகிறேன். கடைக்காரர்கள் எவ்வளவோ மேல். தாங்கள் செய்வது என்னவென்றாவது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஜனவரி 9

மாதக் கூட்டம். கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சும்மா விடுகிறார்கள் என்பதால் அங்கேதான் கூடுகிறோம். முந்தைய நாள் சாம்பார் வாடையில் உட்கார்ந்து சரித்திரம் பேச வேண்டும். செயலாளர் ஜெகதீசன் வழக்கம்போல வரவேற்றார். வரவேற்றதில் பாதி, அவருடைய மகன் கனடா போனதைப் பற்றி.

லோகநாதன் 1862 விக்டோரியா ரூபாய் ஒன்றைக் கொண்டுவந்தார். தூரத்தில் வரும்போதே மின்னியது.

"புளி போட்டு ஊற வெச்சு, அப்புறம் திருநீறு தொட்டுத் துடைச்சேன் சார். பளபளன்னு எப்படி இருக்குது பாருங்க."

"உங்க வீட்டுக் குத்துவிளக்கா இது?" என்றேன்.

சிரித்தார். நான் பாராட்டியதாக நினைத்திருப்பார். பழைய வெள்ளியின்மேல் காலம் ஏற்றுகிற கருமை இருக்கிறதே, ஓரத்தில் கொஞ்சம் நீலம் கலந்து, அதுதான் அந்த நாணயத்தின் உயிர். அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் வெள்ளித் துண்டு. போதாததற்கு, அந்த ரூபாயைப் பல வருஷம் ஒரே 1862 என்ற எண்ணைப் போட்டே அடித்தார்கள். பின்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துத்தான் எந்த வகை, என்ன மதிப்பு என்று சொல்ல வேண்டும். இவர் தேய்த்த தேய்ப்பில் புள்ளிகள் பாதி மங்கிவிட்டன. கொலை செய்துவிட்டு, பிணத்துக்குப் பவுடர் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்.

அர்த்தநாரி வரவில்லை. உடம்பு சரியில்லையாம்.

ஜனவரி 15

பொங்கல் முடிந்து என் மனைவி அம்சவேணி பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் என் தட்டை எடுத்துத் தூசி தட்டினேன். தேக்கு மரத்தில் குழி குழியாகக் குடைந்து உள்ளே நீல வெல்வெட் ஒட்டிச் செய்த தட்டு. ஆறாம் ஜார்ஜ் காலத்து ரூபாய் எல்லாம் அதில் இருக்கின்றன. எல்லா வருஷமும், எல்லா நாணயச்சாலையும், ஒவ்வொன்றும் தேடிப் படித்துப் பொறுக்கி வாங்கியவை. 1939 மட்டும் இல்லை. அந்த வருஷத்து ரூபாய் வெளியே வந்ததே கொஞ்சம், பம்பாயில் அடித்தது. பின்பக்கத்துப் பூவுக்குக் கீழே அதற்கு அடையாளமாக ஒரு புள்ளி இருக்கும். ஊரில் அதை வைத்திருப்பவர் ஒரே ஆள். அர்த்தநாரி.

அவருக்கு நாணயத்தைப் பற்றி என்ன தெரியும்? கொலுசு வியாபாரி. பழைய வெள்ளி என்று சனங்கள் கொண்டுவந்து கொட்டுகிற குவியலை உருக்குவதற்கு முன்னால் கையை விட்டுத் துழாவிப் பார்ப்பார். அப்படித் துழாவியதில் ஒருநாள் அகப்பட்டது. படிப்பில்லை, தேடலில்லை. கையை விட்டார், வந்தது.

வருஷா வருஷம் பொங்கல் கூட்டத்துக்கு அதைப் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, மஞ்சள் துணியில் சுற்றிக் கொண்டுவருவார். வேறு யாரிடமும் காட்டுவதற்கு முன் நேராக என்னிடம் வருவார். "உங்க தட்டுல அந்தக் குழி இன்னும் காலியாத்தான் இருக்குதுங்களா சார்?" என்று கேட்பார். நாலு பேர் நடுவில் என்னை இளக்காரம் செய்வதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். விலைக்குத் தரச் சொல்லி ஒருமுறை வாய்விட்டுக் கேட்டேன். "இப்ப வேண்டாமுங்க சார். காலம் வரட்டும்" என்று சிரித்தார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. எனக்கும் மானம் இருக்கிறது.

ஜனவரி 21

அர்த்தநாரி இறந்துவிட்டார். விடியற்காலையில்.

போய் மாலை போட்டேன். சங்கத்தார் எல்லாரும் வந்திருந்தார்கள். லோகநாதன் என் காதருகே குனிந்து, "அந்த முப்பத்தொம்பது இனிமே யாருக்குங்க சார்?" என்றார். பிணம் இன்னும் வாசலைத் தாண்டவில்லை. என்ன ஜென்மங்களோ. நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், ஆனால் வாயைத் திறக்கவில்லை.

பிப்ரவரி 6

ஜெகதீசன் போன் செய்தார். அர்த்தநாரியின் மனைவி மரகதம்மாளுக்கு, வீட்டில் இருக்கும் நாணயங்களுக்கு மதிப்புப் போட வேண்டுமாம். "பரஞ்சோதி சார் சொன்னா அதுக்கு மேல அப்பீலே இல்லீங்கன்னு அந்தம்மாகிட்ட சொல்லிட்டேன்" என்றார். இந்த ஊரில் இந்த மனிதர் சொன்ன ஒரே உண்மை.

செவ்வாய்க்கிழமை வரச் சொன்னேன்.

பிப்ரவரி 8

வந்தார்கள். ஜெகதீசனின் காரில் நாணயப் பெட்டி, மரகதம்மாள் கையில் ஒரு வெள்ளித்தட்டு. தட்டில் வெற்றிலை, பாக்கு, ஆரஞ்சு, நடுவில் அந்த மஞ்சள் துணி. மதிப்புப் போடுகிறவனுக்குப் பழத் தாம்பாளம். கூட்டிச் சொல்வேன் என்று நினைத்திருப்பார். வியாபாரி வீட்டுப் புத்தி எங்கே போகும்? அம்சவேணி வாங்கி மேஜைமேல் வைத்தாள்.

முதலில் பெட்டியைப் பார்த்தேன். ஒவ்வொன்றாக எடுத்து, வகை சொல்லி, தரம் சொல்லி, விலை சொன்னேன். ஜெகதீசன் எழுதிக்கொண்டார். ஒன்றில்கூடக் குறைத்துச் சொல்லவில்லை. அபூர்வ வகை இரண்டு இருப்பது அந்த அம்மாளுக்கே தெரியாது, நானாகத்தான் எடுத்துச் சொன்னேன். என் நேர்மையைப் பற்றி எவனும் வாய் திறக்க முடியாது.

கடைசியில் மரகதம்மாள் மஞ்சள் துணியைப் பிரித்தார். அதை முதன்முறையாகக் கவர் இல்லாமல் கையில் எடுத்தேன். தராசில் வைத்தேன், எடை சரியாக நின்றது. மேஜைமேல் மெல்லத் தட்டினேன், நல்ல வெள்ளியின் ஓசை. விளிம்பில் அரம் பட்ட சுவடு இல்லை. பூதக்கண்ணாடியில் ஒன்பதைப் பார்த்தேன், எட்டைச் சுரண்டித் திருத்திய அடையாளம் எதுவும் இல்லை. பூவுக்குக் கீழே புள்ளி, கடுகு ஒன்றை ஒட்டி வைத்தாற்போல நின்றது. ஓரத்தில் அந்த நீலம்.

"புள்ளி மங்கலா இருக்குது" என்றேன்.

ஜெகதீசன் எழுந்தே விட்டார். "போலிங்களா சார்?"

"முப்பத்தெட்டு ரூபாயைத் திருத்தி முப்பத்தொன்பது ஆக்கியிருக்கான். நல்ல வேலைக்காரன். சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது."

மரகதம்மாள் நாணயத்தை வாங்கிப் பார்த்தார். "அவருக்குத் தெரியுமுங்களா?" என்றார்.

"தெரிஞ்சிருக்காதும்மா. தெரிஞ்சா கூட்டத்துக்குக் கொண்டுவருவாரா?"

"தெரியாமயே போயிட்டாருங்க. அந்த மட்டுக்கும் நல்லதுங்கண்ணா" என்றார். பிறகு தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். துணியை மடித்து, நாணயத்தை அதில் வைத்து, தட்டில் வைக்காமல் கைப்பையில் போட்டுக்கொண்டார். பழத்தை மட்டும் விட்டுவிட்டுப் போனார்.

வெளிச்சம் போதாத நேரம். புள்ளியைப் பற்றிச் சொல்வதெல்லாம் ஓர் அபிப்பிராயம்தான். தவிர, அந்த நாணயத்தின் அருமை தெரியாத வீட்டில் அது கிடந்து என்ன பிரயோசனம்? பேரன் எடுத்துக் கேரம்போர்டு ஆடுவான். போலி என்று தெரிந்த பிறகு அந்த அம்மாள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறார்? நாலு நாளில் தானே கொண்டுவந்து தருவார். வெள்ளி விலை கொடுத்துவிடலாம். இதில் ஒருவருக்கும் நஷ்டமில்லை.

பிப்ரவரி 9

ஆரஞ்சு புளித்தது.

பிப்ரவரி 13

கூட்டம். ஜெகதீசன் நுழைந்ததும் நுழையாததுமாக எல்லாருக்கும் சொல்லிவிட்டார். வாயில் துணியை வைத்து அடைத்தாலும் நிற்காது.

அப்புறம் பார்க்க வேண்டுமே. நேற்றுவரை அந்த ரூபாயைச் சுவாமி படம் போலக் கும்பிட்டவர்கள் அத்தனை பேருக்கும் திடீரென்று ஞானம் வந்துவிட்டது. "அந்த ஒம்பதோட வாலு சரியில்லைன்னு நான் அப்பவே நெனச்சேனுங்க" என்றார் லோகநாதன். நாணயத்தைப் புளி போட்டு விளக்குகிற ஆள். இன்னொருவர் ராஜாவின் காது பெரிதாக இருந்தது என்றார். மற்றொருவர் ஓசையே கட்டையாக இருந்தது என்றார். கவருக்குள் இருந்த நாணயத்தின் ஓசையை இவர் எந்தக் காதால் கேட்டார்?

"நீங்க ஏன் சார் இத்தனை வருஷமாச் சொல்லலை?" என்று ஒருவர் கேட்டார்.

"கவரோட பாத்தா முடிவு சொல்லக்கூடாது. அதோட, ஒரு மனுஷனோட சந்தோஷத்தைக் கெடுக்கணுமா?" என்றேன்.

கைதட்டினார்கள். என் பெருந்தன்மைக்கு. போலி 1939-ஐக் கண்டுபிடிப்பது எப்படி என்று அடுத்த மாதம் நான் பேச வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். இவர்களை ஏமாற்றுவதில் சவால் என்பதே இல்லை.

பிப்ரவரி 27

மரகதம்மாள் வரவில்லை. போனும் இல்லை.

காய்கறி வாங்கப் போகிறேன் என்று செவ்வாய்ப்பேட்டை வழியாகப் போனேன். அவர்கள் வீட்டு வாசலில் கோலம் இருந்தது, ஆள் இல்லை. கத்தரிக்காய் சொத்தை என்று அம்சவேணி திட்டினாள். நம் தெருவில் கிடைக்காத கத்தரிக்காய் செவ்வாய்ப்பேட்டையில் என்ன கிடைக்கும் என்றும் கேட்டாள்.

மார்ச் 6

ஜெகதீசன் போன். பெங்களூர் வியாபாரி ஒருவன் மரகதம்மாள் வீடு தேடிப் போயிருக்கிறான். பெட்டியை வாங்கிக்கொண்டு, அந்த முப்பத்தொன்பதையும் கேட்டிருக்கிறான். நல்ல விலையும் சொல்லியிருக்கிறான். அந்த அம்மாள், "இது போலிங்க. பரஞ்சோதி சார் பாத்துச் சொல்லிட்டாரு. தெரிஞ்சே போலியை வித்தா அந்தப் பாவம் எங்கூட்டுக்காரரைத்தான் சேரும்" என்று கையை விரித்துவிட்டாராம். அவன் நல்ல நாணயம் என்று சாதித்திருக்கிறான். அவர் அசையவில்லையாம்.

"உங்க வார்த்தைக்கு இருக்கிற மதிப்பைப் பாத்தீங்களா சார்?" என்றார் ஜெகதீசன்.

பார்த்தேன். தண்ணீர் குடித்தேன். கிழவி வருகிற லட்சுமியை எட்டி உதைத்திருக்கிறார். பிழைக்கத் தெரியாதவர். ஆனால் அவன் விடமாட்டான், மறுபடி வருவான். இனி நான் சும்மா இருக்கக்கூடாது.

மார்ச் 9

நேரே போனேன். சங்கத்தில் பேசுவதற்கு மாதிரியாக அந்தப் போலி வேண்டும் என்று சொல்வதாகத் திட்டம். காப்பி கொடுத்தார். சர்க்கரை அதிகம். நான் பேச்சை எடுத்ததும் சிரித்தார். கணவர் போனபிறகு அவர் சிரித்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"அது இப்ப வீட்டுல இல்லீங்கண்ணா. ஒரு வேலையா வெளிய குடுத்திருக்கிறேன்."

"யாருகிட்ட?"

"சொல்றேனுங்க. அவசரப்படாதீங்க."

பெங்களூர்க்காரன்தான். சந்தேகமே இல்லை. பாவ புண்ணியம் எல்லாம் பேசிவிட்டு, விலை ஏறியதும் கொடுத்திருக்கிறார். நல்லவள் வேஷம். இந்தச் சனங்களைப் பற்றி எனக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வந்ததும் அம்சவேணி கேட்டாள். "ஏனுங்க, அன்னிக்கு அதை நல்லாப் பாத்துத்தானே சொன்னீங்க?"

"எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்றேன்.

"கண்ணைக் கேக்கலைங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மார்ச் 13

பேசினேன். புள்ளி மங்கல், எண் திருத்தம், விளிம்பு. எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். லோகநாதன் பேனாவைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

மார்ச் 20

இதை ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

காலையில் மரகதம்மாள் வந்தார். கையில் அதே வெள்ளித்தட்டு, அதே வெற்றிலை பாக்கு, இந்தத் தடவை மாதுளம்பழம். நடுவில் மஞ்சள் துணி. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. என்னையும் அம்சவேணியையும் சேர்ந்து நிற்கச் சொன்னார்.

"எங்கூட்டுக்காரரு கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போறப்பச் சொல்லிட்டுப் போனாருங்கண்ணா. அந்த முப்பத்தொம்பது பரஞ்சோதி சாருக்குத்தான், அவரு தட்டுல அந்த ஒரு குழிதான் காலி, காசு கீசு வாங்கிப்போடாதே, தாம்பூலத்துல வெச்சுக் குடுன்னு. வருசா வருசம் உங்ககிட்ட அந்தக் குழியப் பத்திக் கேட்டுக்குவாராமா. வேற எங்கயாச்சும் உங்களுக்குக் கெடைச்சிருந்தா இதை மகனுக்கு விட்டுருக்கலாம்னு பாத்தாரு. அன்னிக்கு அதுக்குத்தான் தட்டோட வந்தனுங்க. மதிப்பு போட்டு முடிச்சதும் குடுக்கலாம்னு இருந்தேன். நீங்க போலின்னு சொன்னதும் எனக்கு உசுரே போயிருச்சு. போலியக் கொண்டாந்து உங்க கையில எப்படிங்கண்ணா குடுக்கிறது?"

அம்சவேணி என் பக்கம் திரும்பினாள்.

"ஆனா அவரு சொன்ன சொல்லும் வீணாகக் கூடாது பாருங்க. வேற யாரா இருந்தாலும் நல்லதுன்னு சொல்லி எங்க மனசக் குளிர வெச்சிருப்பாங்க. நீங்கதான் உள்ளதைச் சொன்னீங்க. அதான், தட்டுல வெக்க ஆகாட்டியும் தெனமும் உங்க கையில இருக்கட்டும்னு நம்ம பட்டறையில குடுத்து..."

துணியைப் பிரித்தார்.

சாவிக்கொத்து. நாணயத்தின் உச்சியில் கெட்டியாக ஒரு வெள்ளி வளையம் வைத்துப் பற்றவைத்திருந்தது. அதிலிருந்து கொலுசுச் சங்கிலி, நுனியில் கொக்கி. பற்றவைத்த சூட்டில் கறுத்துப் போனதைப் போக்க, புளி போட்டு ஊற வைத்து, திருநீறு தொட்டு, அந்த அம்மாளே உட்கார்ந்து தேய்த்தாராம். குத்துவிளக்கு மாதிரி மின்னியது. நீலம் இல்லை. கருமை இல்லை. ராஜாவின் கன்னத்தில் என் முகம் தெரிந்தது.

"நல்லாருக்குதுங்களாண்ணா?"

"நல்லா இருக்குதும்மா" என்றேன்.

அம்சவேணி தட்டை வாங்கிக்கொண்டாள். மரகதம்மாள் போன பிறகும் அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். பூவுக்குக் கீழே புள்ளி அப்படியே இருக்கிறது. தேய்த்தும் போகவில்லை.

மார்ச் 21

தேக்குத் தட்டை எடுத்து, அந்தக் குழியில் நாணயத்தை வைத்துப் பார்த்தேன். உட்காரவில்லை. வளையம் இடிக்கிறது. அறுத்து எடுத்தால் தழும்பு நிற்கும்.

மார்ச் 22

அம்சவேணி வீட்டுச் சாவியையும் பீரோ சாவியையும் அதில் கோத்து வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 10

கூட்டம். சாவிக்கொத்தைப் பையிலேயே வைத்திருந்தேன். மரகதம்மாள் ஜெகதீசனிடம் சொல்லியிருக்கிறார். அவர் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். "எடுங்க சார், வெளிய எடுங்க. போலி முப்பத்தொம்பது எப்படி இருக்கும்னு புது உறுப்பினருங்க கண்ணால பாக்கட்டும்" என்றார். அர்த்தநாரி அத்தனை வருஷம் ஏமாந்ததைச் சொல்லி ஒருவர் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

எடுத்துக் கொடுத்தேன். கை மாறி மாறிப் போயிற்று. "ஆமா, புள்ளி மங்கல்" என்றார் லோகநாதன். "நல்லா மங்கல்" என்றார் அடுத்தவர். பூதக்கண்ணாடியை வாங்காமலே சொன்னார்.

கடைசி வரிசையில் ஒரு பெண் இருந்தாள். பள்ளிக்கூட டீச்சர், சுகுணா என்று பெயர், முதல் தடவையாக வந்திருந்தாள். அவள் ஒருத்திதான் பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கினாள். சாவிகளை ஒதுக்கிவிட்டு, ஜன்னல் பக்கம் திருப்பி, நெடுநேரம் பார்த்தாள்.

"சார், எனக்குப் புள்ளி தெளிவாத்தான் தெரியுதுங்க. ஒம்பதுலயும் திருத்தின மாதிரி ஒண்ணும் இல்லையே" என்றாள்.

கூடமே என்னைப் பார்த்தது. இத்தனை காலத்தில் இந்தக் கூட்டத்துக்குள் கண் உள்ள ஒரு ஜீவன் வந்திருக்கிறது. ஆமாம் என்று சொன்னால் போதும். ஒரே வார்த்தை.

"கண்ணாடியைத் தொடச்சுட்டுப் பாரும்மா" என்றேன்.

சிரித்தார்கள். லோகநாதன்தான் அதிகம் சிரித்தார். அவள் முகம் சிவந்துபோய், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமாங்க சார். மங்கல்தான்" என்று சொல்லிச் சாவிக்கொத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

எனக்கு அழுகை வந்தது. சாம்பார் நெடி என்று சொல்லிக் கைக்குட்டையை எடுத்தேன். அந்த மடையர்கள் அதையும் நம்பினார்கள். வீட்டுக்கு வந்தபோது அம்சவேணி கோயிலுக்குப் போயிருந்தாள். கதவு பூட்டியிருந்தது. பையில் கையை விட்டு, அர்த்தநாரியின் ரூபாயைப் பிடித்து இழுத்து, கதவைத் திறந்தேன்.